சிவப்பு நூலில் ஒரு வாக்குமூலம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் பூத்தையல் கட்டுரை, இங்கிலாந்தின் பழைய சாம்பிளர்களை 'வசதியான வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. 28 ஆண்டுகள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்த எனக்கு மனம் ஆறவில்லை.

சாம்பிளர் என்றால் எழுத்துகளையும் தையல் வகைகளையும் தைத்துப் பழகும் மாதிரித் துணி. தேதி தைத்த பிரிட்டிஷ் சாம்பிளர்களில் மிகப் பழையது 1598இல் ஜேன் பாஸ்டாக் தைத்தது. பிற்காலத்தில் ஏழைச் சிறுமிகளுக்கும் இதுவே பாடமானது. வீட்டு வேலைக்குப் போகிற பெண், விரிப்பிலும் துண்டிலும் எஜமானரின் முதலெழுத்தையும் எண்ணையும் தைத்துத் தர வேண்டும்; நம்மூர்ச் சலவைக்குறி மாதிரி. பிரிஸ்டல் நகரின் ஆஷ்லி டவுன் அனாதை இல்லச் சிறுமிகள் சிவப்பு நூலில் பொடிப்பொடியாக அகரவரிசை தைத்துப் பழகினார்கள். பிழைப்புக்கான படிப்பு அது.

எலிசபெத் பார்க்கரின் துணியைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். சசெக்ஸ் பகுதிக் கூலித் தொழிலாளியின் மகள். 1830 வாக்கில் தைத்திருக்கிறாள். பூ இல்லை, கரை இல்லை. வெள்ளை லினனில் சிவப்புப் பட்டு நூலால், குறுக்குத் தையலில், வரிவரியாக அவள் கதை மட்டுமே. தனக்கு எழுதத் தெரியாததால் இதில் பதிவதாகத் தொடங்குகிறாள். சிறுவயதிலேயே வேலைக்குப் போனது, எஜமானர் செய்த கொடுமை, தற்கொலை எண்ணம் எல்லாம் வருகின்றன. 'என் ஆன்மா என்னவாகும்' என்ற இடத்தில் வாக்கியம் அறுந்து நிற்கிறது. கீழே வெறும் துணி.

எழுதத் தெரியாது என்றவளுக்கு எழுத்து தெரிந்திருக்கிறது. பேனாவில் பழகாத கை, ஊசியில் பழகியிருந்தது என்றே நான் நினைக்கிறேன். குறுக்குத் தையலில் இழையை எண்ணி எண்ணித்தான் ஊசியை இறக்க முடியும். ஆத்திரத்தில் கிறுக்கிவிட முடியாது. தனக்கு நடந்த கொடுமையை அவள் ஒவ்வொரு எழுத்தாக இழை எண்ணித் தைத்திருக்கிறாள். அதை நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது.

அவள் சாகவில்லை. ஆசிரியையாக வேலை பார்த்து, 76 வயதுவரை வாழ்ந்து, 1889இல் காலமானாள். துணி இன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலுள்ளதை முழுவதுமாகத் தமிழில் பெயர்த்து, படத்துடன் உங்கள் இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
பாளையங்கோட்டை