அனுதாப ஓட்டு என்கிற தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

அமெரிக்க டிவியின் மேக்கப் போட்டியான ‘ஃபேஸ் ஆஃப்’, அதன் மூன்றாம் சீசன் பற்றி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் கேட்டேன். போனில் பதில் சொன்னால் சண்டையில்தான் முடியும், அதனால் எழுதுகிறேன். பட்டம் ஜெயித்த நிக்கோல் சிலெல்லிக்கு விழுந்தது அனுதாப ஓட்டு, இறுதிச் சுற்றில் தோற்ற லாரா டைலருக்கு நடந்தது அநியாயம். இதுதானே உன் கட்சி?

பாதிக்கு நானும் உன் பக்கம். 2012 அக்டோபரில் நடந்த அந்த இறுதிச் சுற்றை நடுவர்கள் கையில் விடாமல் பார்வையாளர் ஓட்டுக்கு விட்டது எனக்கும் பிடிக்கவில்லை. நடுவில் வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்தவர் நிக்கோல். அப்படி வந்தவர்மேல் ஜனங்களுக்குப் பிரியம் வரத்தான் செய்யும். நான் ஓட்டுப் போட்டிருந்தால் லாராவுக்குத்தான். ஆனால் உன் காரணம் எனக்கு ஒத்துவரவில்லை.

நீ பேசியது முழுக்க பெயிண்டைப் பற்றி. அதுவும் இணையத்தில் கிடைத்த ஸ்டில்களை வைத்து. டிவியில் பார்த்து ஓட்டுப் போட்டவர்களைத் திட்டுகிறாயே, நீ அவர்களைவிடக் குறைவாகப் பார்த்துவிட்டல்லவா தீர்ப்பு சொல்கிறாய்?

அவர்கள் செய்வது என்ன என்று யோசி. நடிகரின் முகவார்ப்பின்மேல் களிமண்ணில் உருவம் பிடிக்கிறார்கள். அதன்மேல் மோல்டு, அதாவது அச்சு, எடுக்கிறார்கள். களிமண் இருந்த இடத்தில் ஃபோம் லேடெக்ஸ் என்கிற நுரை ரப்பரை நிரப்பி அடுப்பில் வேகவைக்கிறார்கள். களிமண் எங்கே தடித்ததோ அங்கே ரப்பரும் தடிக்கும். வாயோரமும் கண்ணோரமும் தடித்துவிட்டால், உள்ளே நடிகர் சிரித்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. ஓரம் தோலோடு தோலாகக் கரையாவிட்டால், எந்த நிறம் அடித்தாலும் முகமூடிதான். ஒட்டி, பெயிண்ட் அடித்து முடிக்கக் கடைசி நாளில் கிடைப்பது சில மணி நேரம்.

இதையெல்லாம் ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். நடுவர் வே நீல் அப்படித்தான் பார்ப்பார். ‘பீட்டில்ஜூஸ்’, ‘மிஸஸ் டவுட்ஃபயர்’, ‘எட் வுட்’ என்று மூன்று ஆஸ்கர் வாங்கிய அம்மா. அவர் கிட்டே வரும்போது போட்டியாளர்கள் முகத்தைப் பார், பாவமாக இருக்கும். இன்னொரு நடுவர் நெவில் பேஜுக்கு வேறு கவலை: இந்தப் பிராணிக்கு எலும்பும் தசையும் எங்கே இருக்கும்?

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். பின்னாளில் அந்த நிகழ்ச்சியில் போட்டியாளர்களுக்கு யோசனை சொல்ல வந்த மைக்கேல் வெஸ்ட்மோர் யார் தெரியுமா? ‘இந்தியன்’ தாத்தாவுக்கும் அவ்வை சண்முகிக்கும் ‘தசாவதாரம்’ படத்தின் வேஷங்களுக்கும் மேக்கப்பில் கைவைத்தவர். ‘தசாவதாரம்’ பார்த்துவிட்டு வந்து, “சில முகம் அசையவே இல்லையே” என்று குறை சொன்னது யார்? நீதான். அங்கே சரியாகப் பார்த்த கண்ணை இங்கே ஏன் மூடிக்கொண்டாய்?

நிறத்தைவிட அசைவுதான் முக்கியம் என்கிற என் கட்சிக்குச் சாட்சி ஐந்தாம் சீசன் இறுதிச் சுற்று. அங்கே மேக்கப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, ஆட வேண்டும். ‘ஸ்வான் லேக்’ பாலே. கழுத்தை நீட்டிச் சுழல்கிற, வேர்க்கிற உடம்பில் அத்தனையும் ஒட்டி நிற்க வேண்டும். மறுபடி போட்டிக்கு வந்த லாரா அங்கே ஜெயித்தார். தாமதமாகக் கிடைத்த நியாயம் என்கிறாய் நீ. பழைய கணக்கைத் தீர்க்க யாரும் பட்டம் கொடுக்கவில்லை, தம்பி. அந்த மேடையில் வைத்த வேலைக்குக் கொடுத்தார்கள்.

ஸ்டில்களை மூடிவை. இரண்டு இறுதிச் சுற்றையும் சத்தத்தை நிறுத்திவிட்டுப் போட்டு, வாயையும் கழுத்தையும் மட்டும் பார். அப்புறம் சண்டைக்கு வா. அந்த ஐந்தாம் சீசனில் லாராவோடு கடைசிவரை வந்த ராய் வூலியைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேண்டுமானால் அங்கிருந்தே ஆரம்பி.

அன்புடன்,
அண்ணன்