460 கிலோமீட்டர்

அன்புள்ள நண்பனுக்கு,

ஐந்து மாதமாக உனக்கு எழுதவில்லை. நீயே இரண்டு தடவை போன் செய்தாய். இரண்டு தடவையும் எதையோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். இங்கே எல்லாரும் நலம். பெரியவள் பரீட்சை முடித்துவிட்டாள். தாடி இன்னும் உன்னிடம் கடன் கேட்டு வருகிறானா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பாவுக்கு முடியவில்லை என்று அன்று விடியற்காலை நீ கூப்பிட்டபோது, "மதியத்துக்குள் வந்துவிடுவேன், அப்பாவிடம் சொல்" என்றேன். எதை வைத்து அப்படிச் சொன்னேன் தெரியுமா? நம் இரண்டு ஊர் விமான நிலையங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று போனில் பார்த்தேன். 460 கிலோமீட்டர், 1 மணி 5 நிமிடம் என்று காட்டியது. நம்பிவிட்டேன்.

அந்த 1 மணி 5 நிமிடத்தைத்தான் இத்தனை நாளாகக் குடைந்துகொண்டிருக்கிறேன். தூரத்தில் தப்பில்லை. பூமியைச் சுமார் 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாக வைத்து, இரண்டு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழியைக் கணக்கிடுகிறார்கள். நேரம்தான் வெறும் வகுத்தல். மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் 460-ஐக் கடக்க 35 நிமிடம், ஏற இறங்க ஒரு அரை மணி. அவ்வளவே. ஆனால் சின்ன நிலையங்களுக்குப் பெரும்பாலும் வருவது புரொப்பெல்லர் விமானம். அந்த வகையில் ஏடிஆர் 72 என்ற விமானம் மணிக்கு 500 கி.மீ. சுமாருக்குத்தான் போகும். காற்றுக்கு எதிராக ஏறி, திரும்பி, ஊர்ந்து போய் நிற்கும் வரை எல்லாம் பயண நேரம்தான்.

காற்று என்றதும் விடுதி மொட்டைமாடிச் சண்டை ஞாபகம் வருகிறது. போகும்போது எதிர்க்காற்றில் இழப்பதை வரும்போது பின்காற்றில் எடுத்துவிடலாம் என்று விடிய விடிய சாதித்தாயே! 500 கி.மீ. தூரம், 500 வேகம், 100 காற்று என்று வை. பின்காற்றில் 50 நிமிடம், எதிரில் 75. மொத்தம் 125. காற்றே இல்லாவிட்டால் 120. மெதுவாகப் போகும் பக்கம்தான் அதிக நேரம் காற்றில் மாட்டுகிறோம். நீ தோற்றாய், ஒத்துக்கொள்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. நம் இரண்டு ஊருக்கும் நடுவே விமானமே கிடையாது. ஓடாத விமானத்துக்கும் அந்தக் கணக்கு நேரம் சொல்லும். நான் எதிர்த்திசையில் 390 கி.மீ. பறந்து, பெரிய நிலையத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்து, மாறி ஏறி, உன் வாசலுக்கு வந்தபோது மாலை ஐந்து. காலை ஆறு மணிக்குக் கிளம்பியவன். அப்பா மூன்றரைக்கே போய்விட்டார்.

"வந்துட்டானா?" என்று இரண்டு தடவை கேட்டாராம். அம்மா சொன்னார்கள். நீ இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாலை வழி 540 கி.மீ. ஆறு மணிக்குக் காரை எடுத்திருந்தால் இரண்டரைக்கு வந்திருப்பேன். அந்த ஒரு மணி நேரம் என் தொண்டையில் நிற்கிறது. அதனால்தான் உன்னிடம் பேச முடியவில்லை.

வரும் 12-ஆம் தேதி அம்மாவைப் பார்க்க வருகிறேன். காரில்தான். கிளம்பும்போது கூப்பிடுகிறேன். எத்தனை மணிக்கு வருவேன் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்