"எல்லாம் சாப்பிடலாம்" என்ற பதில் போதவில்லை: புற்றுநோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் புற்றுநோய் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் டயட்டீஷியன். உங்கள் அறையிலிருந்து வெளியே வருபவர்களில் சிலர் என்னிடமும் வருகிறார்கள். "டாக்டர் என்ன சாப்பிடச் சொன்னார்?" என்று கேட்டால், "எல்லாம் சாப்பிடலாம்னு சொன்னார்" என்பார்கள். சொல்லி முடிப்பதற்குள் கூட வந்த மகன் செல்போனை எடுத்து நீட்டுவார். கேன்சர் செல்லைப் பட்டினி போட்டால் அது தானாகச் செத்துவிடும் என்று அதில் ஒருவர் பொறுமையாக, அன்பாக, அரை மணி நேரம் விளக்கிக்கொண்டிருப்பார். வீட்டில் நடப்பது அவர் சொன்னபடிதான்.

மார்பகப் புற்றுநோய்க்கு மூன்றாவது கீமோவுக்கு வந்திருந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. பால், முட்டை, சோறு எல்லாம் நிறுத்தம். கீமோவுக்கு முந்தைய இரண்டு நாளும் எலுமிச்சைச் சாறு மட்டும். ஏன் என்று கேட்டேன். "பெட் ஸ்கேன்ல சர்க்கரை ஊசி போட்டாங்க. கட்டி இருக்கிற இடம்தான் பளிச்சுனு தெரிஞ்சுது. அப்போ சர்க்கரைதானே மேடம் அதுக்குத் தீனி?" என்றார். அவர் கேட்டதில் தவறே இல்லை. கண்ணால் கண்டதை வைத்து யோசித்திருக்கிறார். சாப்பாட்டை நிறுத்தினாலும் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடாது, கல்லீரல் அதைத் தயாரித்துக்கொண்டே இருக்கும், அதற்கு மூலப்பொருளாக அவருடைய தசையே கரையும் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பட்டினி பற்றிய பேச்சை "வாட்ஸ்அப் வதந்தி" என்று ஒரே அடியாகத் தள்ளிவிடாதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். அதற்குப் பின்னால் நூறாண்டு ஆராய்ச்சி இருக்கிறது. 1909இல் மொரெஸ்கி, 1914இல் பெய்டன் ரௌஸ் என்ற ஆய்வாளர்கள் குறைவாகத் தீனி கொடுத்த எலிகளில் கட்டி மெதுவாக வளர்வதைக் கண்டார்கள். 1940களில் டானன்பாம் என்ற ஆய்வாளர் அதை விரிவாக உறுதி செய்தார். கலோரி குறையும்போது இன்சுலினும் ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் இறங்குகின்றன. செல் பெருகத் தூண்டும் சமிக்ஞை தளர்கிறது. ஆனால் எல்லாக் கட்டியும் இதற்கு அடங்குவதில்லை. செல்லுக்குள் வளர்ச்சிச் சமிக்ஞையைக் கடத்தும் பி.ஐ.3.கே என்ற பாதை ஓயாமல் இயங்கும் கட்டிகள், உணவைக் குறைத்தாலும் வளர்ந்துகொண்டே போவதை 2009இல் எலிகளிலேயே காட்டிவிட்டார்கள்.

பட்டினியின் விளைவுகளை ஆராயும் விஞ்ஞானி வால்டர் லாங்கோவின் குழு 2008இல் செய்த ஆய்வைத்தான் அந்த வீடியோக்கள் அதிகம் பிடித்துக்கொள்கின்றன. கீமோவுக்கு முன் பட்டினி கிடந்த எலிகளின் நல்ல செல்கள் மருந்தின் நச்சைத் தாங்கின. உண்மைதான். அந்த எலிகள் இரண்டு மூன்று நாள் பட்டினியில் உடல் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்து, தீனி கிடைத்ததும் சட்டென்று மீண்டன. நம் நோயாளிக்கு எடை அப்படித் திரும்புவதில்லை. புற்றுநோய் கிளப்பும் அழற்சி, தசையை உள்ளிருந்தே அரிக்கிறது. அதன் மேல் பட்டினியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எடை மிஷின் முன்னால் நின்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மனிதர்களிடமும் சோதித்தார்கள். நெதர்லாந்தில் மார்பகப் புற்றுநோய் உள்ள 131 பெண்களிடம் நடந்த 'டைரக்ட்' (DIRECT) என்ற ஆய்வு 2020இல் வெளியானது. அது வெறும் பட்டினி இல்லை. ஒவ்வொரு கீமோவையும் ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் அளந்து கொடுத்த குறைகலோரி உணவு, மருத்துவர்களின் கண்காணிப்பில். வழக்கம்போல் சாப்பிட்டவர்களைவிட, இந்த உணவை எடுத்த குழுவில் கட்டி சுருங்கியது ஸ்கேனில் அதிகம் தெரிந்தது. கடுமையான பக்கவிளைவுகளில் வித்தியாசமில்லை. ஐந்தில் ஒருவர்தான் எல்லாச் சுற்றிலும் அந்த உணவைக் கடைப்பிடிக்க முடிந்தது. இன்னும் ஆராய வேண்டிய விஷயம் என்பதற்கு மேல் இதில் எதுவும் இல்லை. வாயில் புண்ணோடு, தொண்டையில் கட்டியோடு, ஏற்கனவே மெலிந்து வரும் நம் நோயாளி இதை வீட்டில் தானாகச் செய்து பார்ப்பது வேறு கதை.

நோய் வராமல் தடுப்பதும் வந்த பிறகு சிகிச்சை எடுப்பதும் வேறு வேறு என்று பிரித்துச் சொல்லுங்கள். உடல் பருமனைத் தவிர்த்தால் 13 வகைப் புற்றுநோய்களின் அபாயம் குறையும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பான ஐ.ஏ.ஆர்.சி 2016இல் முடிவுக்கு வந்தது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 10 பெண்களில் 4 பேர் அதிக எடை உள்ளவர்கள். அளவாகச் சாப்பிடுங்கள் என்ற அறிவுரை கூட வந்திருக்கும் மகளுக்குப் பொருந்தும். படுக்கையில் இருக்கும் அம்மாவுக்குப் பொருந்தாது. இருவரும் பார்ப்பது அதே வீடியோவை.

ஐரோப்பிய வழிகாட்டுதல் புற்றுநோயாளிக்கு எடையில் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, 1 முதல் 1.5 கிராம் புரதம் என்கிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் 2 கிராம் தேறுவதே கஷ்டம்; ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. இதைத் தெரிந்த குடும்பம் முட்டையை நிறுத்தாது.

ஓ.பி.யில் உங்களுக்கு எவ்வளவு கூட்டம் என்று எனக்குத் தெரியும். கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றிலும் எடை பார்த்து, போன முறை எடையையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மருந்தின் அளவுக்கே அது தேவை. "எதையாவது சாப்பிடாம நிறுத்திட்டீங்களா, விரதம் இருக்கீங்களா?" என்று திட்டாமல் கேளுங்கள். திட்டினால் அடுத்த முறை மறைத்துவிடுவார்கள். "எல்லாம்" என்பதற்குப் பதிலாக முட்டை, பால், பருப்பு, மீன் என்று பேர் சொல்லிச் சீட்டில் எழுதுங்கள். நாங்கள் நூறு முறை சொன்னாலும், உங்கள் கையெழுத்தில் இருப்பதைத்தான் வீட்டில் நம்புகிறார்கள். எடை சரிந்த பிறகு அல்லாமல், முதல் கீமோவுக்கு முன்பே நோயாளிகளை எங்களிடம் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவமனை டயட்டீஷியன் ஒருவர்