பூனைத் தீவனப் பையில் மாவுச்சத்து அளவு எங்கே?

ஐயா,

எங்கள் பூனை செல்லிக்குக் குடலில் லிம்போமா என்னும் புற்றுநோய். மாவுச்சத்தைக் குறைத்துப் பார்க்கலாம் என்றார் கால்நடை மருத்துவர். தீவனப் பையைத் திருப்பினால் புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, ஈரப்பதம் எல்லாம் இருக்கிறது. மாவுச்சத்து மட்டும் இல்லை. 100-இலிருந்து இவற்றின் சதவீதங்களையும் சாம்பலையும் (அதாவது தாதுக்களின் அளவையும்) கழித்து நாமே கணக்குப் போட வேண்டியிருக்கிறது. பூனை இறைச்சி தின்று வாழப் பிறந்த உயிர். தயாரிப்பாளர்கள் அந்த ஒரு வரியையும் அச்சிட வேண்டும்.

அப்புறம், மாவுச்சத்தை நிறுத்தினால் புற்று கரைந்துவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. புது உணவு பிடிக்காமல் பூனை சில நாட்கள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். வேகவைத்த கோழியை இளஞ்சூடாக விரல் நுனியில் நீட்டினால் செல்லி நக்குகிறாள். அடம்பிடிக்கும் நாளில் முன்பு தின்றுவந்த தீவனத்தையே தயங்காமல் கொடுக்கிறேன்.

ஒரு வாசகி,
மதுரை