கண்டிக்கு முக்கால் மணி நேரமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலூர்க் கல்லூரி மாணவர்கள் சிலர் இலங்கையின் பழைய தலைநகரங்களையும் கோயில்களையும் பார்க்கப் போகிறார்கள் என்ற செய்தியைத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படித்தேன். ஊட்டிக்குப் போய் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்புவதையே கல்விச் சுற்றுலா என்று சொல்லிவரும் காலத்தில் இது நல்ல காரியம். என் பேத்தியும் அந்தக் குழுவில் இருப்பதால் டிராவல்ஸ்காரர் கொடுத்த பயணத் திட்டம் கைக்கு வந்தது. அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கண்டியில் ரத்தினக் கல் கடைக்கு ஒன்றரை மணி நேரம். புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகைக்கு முக்கால் மணி நேரம். வழியில் வாசனைப் பொருள் தோட்டம் வேறு. இங்கெல்லாம் வண்டி ஏன் நிற்கிறது, கமிஷன் யாருக்கு என்பது ஊரறிந்த விஷயம். சோழர்கள் இலங்கையில் தலைநகராக வைத்திருந்த பொலன்னறுவைக்கு ஒரே ஒரு வரி: ‘மதிய உணவுக்கு முன் பார்வையிடல்’.

வேறு ஊர்ப் பிள்ளைகள் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நம் ஊர் மண்ணில் அல்லவா கிடக்கிறார்! 1815-ல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, 1832 ஜனவரி 30 அன்று இங்கேயே காலமானார். பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. கோட்டைக்குள் கண்டி மஹால் என்றே ஒரு கட்டடம் உண்டு. கண்டியில் தலதா மாளிகைக்கு முன்னால் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்ளும் எண்கோண மாடம் அவர் கட்டியது. எதிரே உள்ள ஏரியும் அவர் வெட்டுவித்ததுதான். பக்கத்திலேயே செதுக்கிய மரத்தூண்களோடு அரசவை மண்டபம் நிற்கிறது. 1815 மார்ச் 2 அன்று கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது அங்கேதான். மன்னரைப் பதவியிலிருந்து இறக்கியதோடு, அவருடைய உறவினர்களும் கண்டி நாட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று அதில் எழுதிவைத்தார்கள். அந்த மண்டபத்தில் நின்று இதை ஒரு மாணவி சொல்லக் கேட்க வேண்டாமா? இங்கிலாந்துக்குப் போய் 1934-ல் திரும்பிவந்த அவருடைய சிம்மாசனம் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திட்டத்தில் கொழும்புக்கு எழுதியிருப்பது ‘ஷாப்பிங்’ மட்டும்.

தலதா மாளிகையில் நாளுக்கு மூன்று வேளை பூஜை. அந்த நேரத்தில் கீழே மேளம் முழங்க, மேலே புத்தரின் புனிதப் பல் வைத்த பேழை இருக்கும் அறையின் கதவைத் திறப்பார்கள். பல்லைக் காட்டமாட்டார்கள், பேழையைத்தான் பார்க்கலாம். வண்டி வந்து சேரும் நேரத்தைப் பூஜைக்குத் தகுந்தபடி வைக்காவிட்டால் மூடிய கதவைக் கும்பிட்டுவிட்டு வரவேண்டியதுதான்.

பொலன்னறுவை விஷயம் இன்னும் மோசம். அங்கே இரண்டாம் எண் சிவ தேவாலயம் என்று பலகை வைத்திருக்கும் கோயில், ராஜேந்திர சோழனின் தாயார் பெயரால் அமைந்த வானவன்மாதேவி ஈச்சரம். அடி முதல் முடி வரை கல். சுவரில் தமிழ்க் கல்வெட்டு. அதே ஊரில் அடதாகே என்னும் பழைய கட்டடத்தை ஒட்டி வேளைக்காரர் கல்வெட்டு நிற்கிறது. அந்தக் காலத்தில் புத்தரின் பல் இருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பை, மன்னருக்காக உயிர் கொடுக்க உறுதி பூண்ட வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொண்டதைச் சொல்லும் நெடிய கல், அதுவும் தமிழில். கண்டியில் பேழையைப் பார்த்த பிள்ளை இந்தக் கல்லையும் பார்த்தால்தான் கதை முழுசாகும். வழிகாட்டி தானாக நிறுத்துவார் என்று நம்பிப் பயனில்லை, கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் பிடித்து மேல்பாடிக்குப் போய்வரலாம். திருவலத்திலிருந்து பொன்னை ஆற்றங்கரையோடு போனால் வந்துவிடும். ராஜராஜன் தன் பாட்டனார் அரிஞ்சயனுக்காக எடுத்த பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த அரசரின் நினைவுக் கோயில், அங்கே இருக்கிறது. அதன் விமானத்தை நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு, அதே சோழர் பாணியில் உள்ள பொலன்னறுவைக் கோயிலை யாரும் விளக்கவேண்டியிருக்காது. முத்து மண்டபத்துக்குத் தனி நாள்கூட வேண்டாம், ஆட்டோவில் போய்வரலாம்.

சில்லறை விஷயங்கள் இரண்டு. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று செல்ஃபி எடுப்பதை இலங்கையில் அவமதிப்பாகவே பார்க்கிறார்கள். நம் பிள்ளைகளிடம் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு உச்சி வெயிலில் கருங்கல் தளத்தில் நடக்கவேண்டியிருக்கும். ஆளுக்கு ஒரு ஜோடி பழைய சாக்ஸ் போதும்.

பேராசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பயணத் திட்டத்தை நீங்கள் எழுதி டிராவல்ஸ்காரரிடம் கொடுங்கள், அவர் எழுதியதில் கையெழுத்துப் போடாதீர்கள். பாறைக் கோட்டையான சிகிரியாவைத் திட்டத்திலிருந்து எடுக்கச் சொன்னால் மாணவர்கள் சண்டைக்கு வருவார்கள், அது இருக்கட்டும். ரத்தினக் கடையையும் வாசனைத் தோட்டத்தையும் கொழும்பு ஷாப்பிங்கையும் அடித்துவிட்டாலே பொலன்னறுவைக்கு ஒரு முழுப் பகல் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
சத்துவாச்சாரி, வேலூர்.