உறை பிரிக்காத சொத்துப் பட்டியல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு ஊழியர் வீட்டில் சோதனை, வருமானத்துக்கு மீறிய சொத்து என்று செய்தி படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் எழுகிறது. அவர் எழுதிக் கொடுத்த சொத்துப் பட்டியலை அவருடைய அலுவலகத்தில் யாராவது பிரித்துப் பார்த்தார்களா? 33 ஆண்டு அரசு வேலை பார்த்து 2014-இல் ஓய்வு பெற்றவன் நான். கடைசி 9 ஆண்டு கண்காணிப்பாளர். பணியாளர் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. அதனால் பதில் எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்தில் பட்டியல் வந்து சேர்ந்ததா என்று மட்டும் பதிவேட்டில் டிக் அடிப்போம். பல உறைகள் ஒட்டியது ஒட்டியபடியே பீரோவில் கிடந்தன. நானும் பிரித்ததில்லை. பிரித்துப் பார் என்று மேலிருந்து யாரும் சொன்னதும் இல்லை.

விதியில் குறை இல்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973-இல் 7-ஆவது விதி இதற்கென்றே இருக்கிறது. வேலையில் சேரும்போது சொத்தையும் கடனையும் எழுதித் தர வேண்டும். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை தர வேண்டும். நடுவில் நிலமோ வீடோ வாங்கினால், விற்றால், தன் பேரில் ஆனாலும் குடும்பத்தார் பேரில் ஆனாலும், முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

நான் 1996-இல் கோபியில் ஐந்தரை சென்ட் மனை வாங்கினேன். முறையாக எழுதிக் கொடுத்து, ஊழியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்து, மனைவியின் 12 பவுனை விற்று வீடு கட்டினேன். 2001-இல் என்மேல் ஒரு மொட்டைக் கடுதாசி போயிற்று, லஞ்சப் பணத்தில் வீடு கட்டினான் என்று. விசாரணைக்கு வந்த அதிகாரி என் சொத்துப் பட்டியலைக் கேட்டார். என் அலுவலகத்தில் அது இல்லை. தேடினோம், கிடைக்கவே இல்லை. முத்திரை போட்டு வாங்கிய நகல் ஒன்றை வீட்டில் வைத்திருந்ததால் தப்பினேன். அந்த நாலு மாதம் என் அம்மா கோயிலுக்குக்கூட வெளியே போகவில்லை. தெருவில் யார் என்ன கேட்பார்களோ என்று. நேர்மையாக இருப்பவனுக்குக் கவசம் அந்தத் தாள். அதைக் காப்பாற்றி வைக்கும் பொறுப்பு வாங்கிய அலுவலகத்துக்கு உண்டா இல்லையா?

இன்னொன்று, நம் பக்கத்துக்கே உரியது. 'எப்படிக் கிடைத்தது' என்ற கட்டத்தில் கொங்கு நாட்டு ஊழியர்களில் பெரும்பாலோர் எழுதும் சொல் 'பூர்வீகம்'. அதற்கு அடுத்தபடி 'மாமனார் வீட்டுச் சீர்'. பெரும்பாலும் உண்மைதான், இங்கே காடு தோட்டம் இல்லாத குடும்பம் குறைவு. ஆனால் மறைக்க நினைப்பவனுக்கும் அதே சொல்தான் போர்வை. வேளாண் வருமானத்துக்கு வருமான வரி கிடையாது என்பதால் மனைவி பேரில் மஞ்சள் விற்ற பணம், தென்னந்தோப்புப் பணம் என்று எத்தனை லட்சம் வேண்டுமானாலும் எழுதலாம். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் வயல் அவ்வளவு கொடுக்கும் என்றால் நம்பலாம். காங்கயம், தாராபுரம் பக்கம் கிளுவை வேலி போட்டு மாடு மேயும் கொறங்காடு கொடுக்குமா?

சரிபார்க்கப் பெரிய விசாரணை வேண்டியதில்லை. சர்வே எண்ணை வாங்கினால் போதும். அந்த நிலத்தில் எந்தப் பசலியில் (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டில்) என்ன பயிர் இருந்தது, அல்லது தரிசாகக் கிடந்ததா என்று கிராம நிர்வாக அலுவலரின் பயிர்ப் பதிவேடான அடங்கலே சொல்லிவிடும். பட்டாவும் வில்லங்கச் சான்றும் இப்போது இணையத்திலேயே கிடைக்கின்றன. பினாமி பேரில் வாங்கியது இதில் சிக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொந்தப் பேரில், மனைவி பேரில் தைரியமாக வாங்கிப் போட்டவர்களைக்கூட நாம் பிடிக்கவில்லையே! சோதனை நடந்து, 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்ட பிறகு அந்தப் பழைய பட்டியலைத் தேடி எடுப்பதால் யாருக்கு என்ன லாபம்?

ஊழியரின் சொத்து விவரம் அவருடைய அந்தரங்கம் என்பவர்கள் உண்டு. பெரும் பொதுநலன் இருந்தால் ஒழிய தகவல் உரிமைச் சட்டத்தில் அதைத் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லியிருக்கிறது. கடைநிலை உதவியாளர் வீட்டில் எத்தனை பவுன் இருக்கிறது என்று ஊரே பார்க்க வேண்டும் என நானும் சொல்லவில்லை. திருடனுக்கு வழி சொன்ன கதையாகிவிடும். ஆனால் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் அசையாச் சொத்து விவரம் ஆண்டுதோறும் இணையத்தில் வருகிறது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளே 2025 மே மாதம் தங்கள் சொத்து விவரங்களை நீதிமன்ற இணையதளத்தில் போட்டார்கள். அப்படியிருக்க, மாவட்ட அளவில் கையெழுத்துப் போடும் அதிகாரிகளின் நிலம், வீடு விவரத்தை வெளியிட்டால் என்ன கெட்டுவிடும்? மற்றவர்கள் விஷயத்தில் ஊருக்குக் காட்ட வேண்டாம். வேலை கொடுத்த அரசு படித்தால் போதும்.

பதவி உயர்வுக்குத் தகுதியானவர்களின் பெயர்ப் பட்டியலான பேனல் தயாரிக்கும்போது ரகசியக் குறிப்பையும் தண்டனை விவரத்தையும் கேட்கிறோம். அதோடு ஒவ்வொருவரின் கடைசி இரண்டு சொத்துப் பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் வாங்கிய சம்பளத்தோடு ஒப்பிட்டு, பார்த்தவர் பெயர் போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்று அரசு ஆணையிடட்டும். பட்டியல் தொலைந்தால் அதற்கும் அந்தக் கையெழுத்துக்காரரே பதில் சொல்ல வேண்டும். கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் வருகிற பேனலிலேயே இதைத் தொடங்கிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர்,
கோபிசெட்டிபாளையம்.
(பெயர் வெளியிட வேண்டாம்)