பழைய காருக்குப் பாப் ரிவிட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

களியக்காவிளை, மார்த்தாண்டம் பகுதிகளில் பழைய அம்பாசடர், ஜீப், பியட் வண்டிகளைப் புதுப்பிப்பவர்கள் பெயின்டுக்கும் குரோமுக்கும் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். தகடுகளை இணைக்கும் சின்னக் கெட்டி ரிவிட் (தலையுள்ள ஆணி) கிடைக்காவிட்டால் மட்டும், கருவியால் இழுத்துப் பொருத்தும் பாப் ரிவிட் அடித்து வேலையை முடித்துவிடுகிறார்கள். கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷின், ஜீப் ஹுட் கம்பியின் மூட்டு போன்ற அசையும் இடங்களில் அது தாங்காது. பாப் ரிவிட்டின் கால் (தலைக்குக் கீழுள்ள தண்டு) உள்ளீடற்ற குழல் என்பதால் சீக்கிரம் தளர்ந்து, துளையையும் நீள்வட்டமாக்கிவிடும்.

அளவு தெரியாமல் கடைக்குப் போவதே பாதிச் சிக்கல். அம்பாசடர், ஜீப் இரண்டிலும் இன்ச் கணக்கு: 3/32 (2.38 மி.மீ.), 1/8 (3.18 மி.மீ.). பியட் இத்தாலிய வண்டி, அதில் மி.மீ. கணக்கு. 1/8 துளையில் 3 மி.மீ. ரிவிட்டைப் போட்டால் சற்றுத் தளர்வாக நிற்கும். பழைய துளை தேய்ந்து பெருத்திருக்கும். அதை அளக்காமல், கழற்றிய ரிவிட்டின் காலை வெர்னியர் அளவுகோலில் அளக்க வேண்டும். தலையின் நடுவில் சென்டர் பஞ்ச் தட்டி, கால் பருமனுள்ள டிரில் பிட்டால் தலையை மட்டும் துளைத்து, ‘பின் பஞ்ச்’ என்ற மெல்லிய இரும்புக் குச்சியால் தட்டி இறக்கினால் கால் சேதமில்லாமல் வரும். கிரைண்டர் வைத்தால் தகடு சூடேறி நெளியும்.

நீளத்துக்குக் கணக்கு எளிது. சேர வேண்டிய தகடுகளின் மொத்தக் கனத்தோடு, கால் விட்டத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டுங்கள். 1 மி.மீ. தகடு இரண்டுக்கு 1/8 ரிவிட் என்றால் சுமார் 7 மி.மீ. குறைந்தால் தலை உருவாகாது, கூடினால் கால் வளையும்.

கடையில் கிடைக்காவிட்டால் பட்டறையிலேயே செய்யலாம். கேஸ் வெல்டிங் கம்பி மெல்லிரும்புதான், 2.4, 3.15 மி.மீ. அளவில் வருவது 3/32, 1/8 இரண்டுக்கும் ஏறத்தாழப் பொருந்தும். சிவக்கக் காய்ச்சித் தானாக ஆறவிடுங்கள். தண்ணீரில் முக்கக் கூடாது. 3.2 மி.மீ. துளையிட்ட இரும்புக் கட்டையில் 3.15 கம்பியைச் செருகி, 5 மி.மீ. வெளியே விட்டுச் சுத்தியால் தட்டினால் தலை ரெடி. அசையும் மூட்டுக்கு நடுவே தடித்த காகிதம் வைத்து அடித்து, பிறகு உருவிவிட்டால் மூட்டு இறுகாது.

பிரேக் லைனிங்கில் (பிரேக் பிடிக்கும்போது டிரம்மில் உரசும் பட்டை) மட்டும் இந்த இரும்புக் கம்பி ரிவிட் கூடவே கூடாது. அங்கே செம்பு அல்லது பித்தளை ரிவிட்தான். லைனிங் தேயும்போது இரும்பு தட்டினால் டிரம் கீறிப்போகும். நடுவிலிருந்து தொடங்கி இரு முனைகளுக்கும் அடித்துச் செல்ல வேண்டும். வாங்கும்போது காந்தம் வைத்துப் பாருங்கள். பித்தளை என்று விற்பதில் முலாம் பூசிய இரும்பும் உண்டு, நம் கடற்காற்றில் சீக்கிரம் துருவேறிவிடும்.

சேஸிஸ் எண் தகட்டைத் தொடாமல் விடுவதே நல்லது. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கான 2021 விதிப்படி, சேஸிஸ், பாடி, எஞ்சின் மாறாதிருந்தால்தான் 'விஏ' பதிவு எண் கிடைக்கும். பழைய எண் தகட்டில் புதுப் பாப் ரிவிட்டைக் கண்டால் ஆய்வாளர் சந்தேகப்படத்தான் செய்வார்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் ஹார்டுவேர் கடைக்காரர்கள் 3/32, 1/8, 5/32 கெட்டி ரிவிட்டுகளை எடை போட்டு மட்டும் விற்காமல், பத்து இருபது என எண்ணியும் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு வண்டிக்குக் கிலோக் கணக்கில் தேவைப்படாது.

இப்படிக்கு,
பழைய கார் சீரமைப்பாளர்கள்,
மார்த்தாண்டம்.